தள்ளாடிய ஆள்காட்டி

ஏரிக்கரைப் பொட்டலில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தது.

அதற்கு ஒரு தொல்லை. யாராவது பக்கத்தில் வந்தால் சிறகு, "பற, பற!" என்று துடிக்கும். வயிறோ, "முட்டையை விடாதே!" என்று கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில், பாவம், அது கள் குடித்தது போலத் தள்ளாடும்.

எருமை மேய வந்த அன்றும் அப்படித்தான். எருமை முதுகிலிருந்த கொக்கு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒன்று பற, இல்லையென்றால் உட்கார்! இதென்ன கூத்து?"

ஆள்காட்டிக்கு மானமே போய்விட்டது. "இனி யார் வந்தாலும் அசைய மாட்டேன்!" என்று முடிவு கட்டியது.

மறுநாள் காலை நரி வந்தது. தரையை மோப்பம் பிடித்தபடி முட்டைகள் இருக்கும் பக்கமே வந்தது!

பல்லிருந்தால் ஆள்காட்டி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவ்வளவு உறுதியாக உட்கார்ந்தது. நரி பத்தடி தூரத்துக்கு வந்ததும் சிறகு பேச்சைக் கேட்கவில்லை. ஆளைத் தூக்கிவிட்டது. நான்கு முழம் போவதற்குள் வயிறு பிடித்து இழுத்தது. பொத்தென்று விழுந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி நொண்டியது.

"அடடே, சிறகொடிந்த பறவை!" நரிக்கு எச்சில் ஊறியது. மோப்பத்தை மறந்து அதன் பின்னால் ஓடியது.

நரி நெருங்கினால் சிறகு தூக்கும். சற்றுப் பின்தங்கினால் வயிறு இறக்கும். இப்படி எழுந்தும் விழுந்தும் ஆள்காட்டி ஏரிக்கரையையே தாண்டிவிட்டது. நரியும் தாண்டியது. கடைசியில் நரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அந்தக் கணம் சிறகின் பயமே முழுதாக வென்றது. இரண்டு சிறகும் ஒருசேர விரிந்தன. ஆள்காட்டி மேலே எழும்பிவிட, நரி அங்கிருந்த முள்வேலிக்குள் தலைகுப்புற விழுந்தது.

"அடிப்பாவி! நல்லா நடிச்சு ஏமாத்திட்டியே!"

"நான் எங்கே நடிச்சேன் நரியண்ணே? எனக்குப் பறக்கவும் முடியல, உட்காரவும் முடியல. அவ்வளவுதான்!"

ஆள்காட்டி பொட்டலுக்குத் திரும்பியது. நான்கு முட்டைகளும் சூடு ஆறாமல் கிடந்தன. ஒன்றுக்குள்ளிருந்து குஞ்சின் குரல்கூட மெல்லக் கேட்டது. தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"சிறகே, நீ இல்லாவிட்டால் நான் இல்லை. வயிறே, நீ இல்லாவிட்டால் நான் ஒரேயடியாகப் பறந்திருப்பேன். நரி என் பிள்ளைகளைத் தின்றிருக்கும். உங்கள் சண்டைக்குப் போய் வெட்கப்பட்டேனே! ரெண்டு பேரும் நல்லா இருங்க!"

எருமை மேலிருந்து கொக்கு எட்டிப் பார்த்தது. "இன்னைக்காவது ஒரு முடிவுக்கு வந்தியா?"

"வரல! வராததாலதான் பிழைச்சோம்!"

உயிரைக் காக்கும் அச்சத்துக்கும் பிள்ளையைக் காக்கும் பாசத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இகழக் கூடாது.