மாமியார் சேலையில முப்பத்தாறு கட்டம்

காலை நீட்டிப் படு. ம் கொட்டுனாத்தான் கதை நடக்கும். நீ நிறுத்துனா கதையும் அங்கயே உக்காந்துக்கும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.

ஒரு ஊர்ல ஒரு மாமியார். ராஜா கதை வேணும்னு மூஞ்சியைத் தூக்காதே. இவ ராஜாவையே வேலை வாங்குவா. பேரு ஆவுடையம்மா, ஊரு காரைக்குளம். அவளுக்கு ஒரே மகன், சிவனாண்டி. நல்லவன்தான். ஆனா அம்மா முன்னாடி வாயில கொழுக்கட்டையை வச்சவன் மாதிரி நிப்பான். அவனுக்கு மலைமேல இருந்து ஒரு பொண்ணைக் கட்டி வச்சாங்க. அவ பேரு குருவம்மா. பேருக்கேத்த மாதிரி சின்ன உருவம், கை மட்டும் ஒரு நேரம் சும்மா இருக்காது.

“ம்.”

குருவம்மா வந்த நாள்ல இருந்து வேலைதான். கோழிக்கு முன்னாடி எந்திரிப்பா. மாவாட்டுவா, கடகட கடகடன்னு. துணி துவைப்பா, டப்பு டப்புன்னு. அப்புறம் சோறு, குழம்பு, பணியாரம். ஆவுடையம்மாவுக்குப் பணியாரம்னா உசுரு. நெய்யில முக்கி, லபக்கு. இன்னொண்ணு, லபக்கு. மருமக தட்டுல மட்டும் எண்ணி ரெண்டு வைப்பா.

அப்போ மார்கழி முடியப் போகுது. குருவம்மாவுக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு. “அத்தை, அம்மாவைப் பாத்துட்டு வரட்டுமா? ஒரு பத்து நாள்”னு கேட்டா.

ஆவுடையம்மா யோசிச்சா. இவ போயிட்டா மாவாட்டுறது யாரு? போகாதேன்னு சொன்னா ஊர் என்ன பேசும்? அப்புறம் மெதுவாக் கேட்டா, “ஏட்டி, உங்க ஊர்ல ஒட்டுத்துணிப் போர்வை தைப்பீங்களாமே?”

குருவம்மாவுக்குப் பெருமை தாங்கல. “ஆமா அத்தை. ஒரு சாண் நீளம் ஒரு சாண் அகலத்துல கட்டம் கட்டமாத் தச்சு, ஒண்ணோட ஒண்ணு சேப்போம். அமாவாசைக்கு ஒரு கட்டம்தான். அவசரப்பட்டுத் தச்சா தையலுக்குள்ள குளிர் பூந்துக்கும்னு சொல்லுவாங்க.”

தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்கல்ல, அப்படிக் கெட்டா.

“எனக்கும் குளிர் எலும்பைக் குத்துது. எனக்கு ஒரு போர்வை தச்சுட்டு நீ தாராளமாப் போய்ட்டு வா. உங்க வழக்கப்படியே அமாவாசைக்கு ஒரு கட்டம். ஆனா மூணு விஷயம் சொல்லிப்புட்டேன். நான் ஒரு கந்தல்கூடத் தரமாட்டேன். கடையில வாங்கக்கூடாது. வெளியில யார்கிட்டயும் கேட்டு வாங்கக்கூடாது.”

அப்போ துணிக்கு எங்க போறது? குருவம்மாகிட்ட இருந்ததே ரெண்டு சேலை. அதை வெட்டுனா எதைக் கட்டுறது? புருஷனைப் பாத்தா. அவன் கூரையைப் பாத்தான்.

கொல்லையில துவைக்கப் போனவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே மாமியாரோட சேலையைப் பிழிஞ்சு கொடியில போட்டா. எட்டு கஜச் சேலை. அது பாட்டுக்கு இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போய்க்கிட்டே இருக்கு. அப்போ அவ கண்ணு ஒரு இடத்துல நின்னுச்சு. எங்கே?

“தெரியல.”

இடுப்புல சொருகுற உள்பக்கத்து ஓரத்துல. அந்த ஓரத்தை உலகத்துல யாரு பாக்குறா? கட்டுனவளே பாக்கமாட்டா. வெளியில தெரியுற துணி வெயில்ல வெளுத்துப்போகும். அந்த ஓரம் மட்டும் நேத்து வாங்குனது மாதிரியே இருக்கும். குருவம்மா கண்ணைத் துடைச்சா. அத்தை தரமாட்டேன்னு சொன்னாங்க, சரி. நான் எடுத்துக்கக்கூடாதுன்னு சொல்லவே இல்லையே?

மத்தியானம் ஆவுடையம்மா படுத்தா. கொர்ர்ர்னு குறட்டை. குருவம்மா கத்தரியை எடுத்தா. கொர்ர்ர். சரக். கொர்ர்ர். சரக். குறட்டை நின்னா கத்தரியும் நிக்கும். இப்படி ஒரு சாண் அகலத்துக்கு மேலருந்து கீழ வரைக்கும் ஒரு வார் வெட்டி எடுத்தா. அதுல அஞ்சு துண்டு வந்துச்சு. மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, கதகதன்னு இருக்க உள்ள மூணு. கரை போட்ட துண்டு ரெண்டையும் உள்ள வச்சு மறைச்சுட்டா. சேலையோட ஓரத்தையும் மடிச்சுத் தச்சுட்டா. ஈ எறும்புக்குத் தெரியாது.

தை அமாவாசை அன்னைக்குக் கத்தரிப்பூக் கலர்ல ஒரு கட்டம் வந்துச்சு. ஆவுடையம்மா திருப்பித் திருப்பிப் பாத்தா.

“துணி ஏதுடி?”

“வீட்டுல இருந்ததுதான் அத்தை. யாரும் பாக்காத இடத்துல கிடந்துச்சு.”

பாத்தியா, ஒரு சொட்டுப் பொய் இல்ல. வெளுத்த சேலையையே பாத்துப் பழகுன கண்ணுக்குப் புதுக்கலர் அடையாளம் தெரியல, பரண்மேல கந்தல் பொறுக்கியிருப்பான்னு ஆவுடையம்மா நினைச்சுக்கிட்டா.

ஆவுடையம்மாவுக்கு மொத்தம் பன்னெண்டு சேலை. மாசத்துக்கு ஒண்ணா வரிசையாப் போச்சு. மாசிக்குக் கிளிப்பச்சை, பங்குனிக்கு அரக்கு, சித்திரைக்குச் சுங்கடி. ஆடி மாசம் பட்டுச் சேலையெல்லாம் வெயில்ல காயப்போடச் சொன்னா பாரு, அன்னைக்குக் குருவம்மாவுக்குக் கொண்டாட்டம்தான்.

வருஷம் முடிஞ்சுது. ஒரு நாள் ஆவுடையம்மா சேலை கட்டும்போது கொசுவம் வச்சா. எப்பவும் ஏழு கொசுவம் வரும். அன்னைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவதைக் காணோம். துவைச்சதுல சுருங்கிடுச்சுன்னு வேற சேலை எடுத்தா. அதுலயும் ஆறு. இன்னொண்ணு எடுத்தா. அதுலயும் ஆறு. பெட்டியையே கவுத்துப் பன்னெண்டையும் கட்டிக் கட்டிப் பாத்தா. பன்னெண்டுலயும் ஆறு.

அப்படியே தொப்புன்னு உக்காந்துட்டா. “பன்னெண்டு சேலையும் பேசி வச்சுக்கிட்டா சுருங்கும்? நான்தான் பெருத்துட்டேன்.”

“அய்யோ.”

சிரிக்காதே, தூக்கம் போயிடும். அன்னையில இருந்து ஆவுடையம்மா அதிரசத்தை விட்டுட்டா. வீட்டுல சுட்ட அதிரசத்தை வீணாக்க முடியுமா? குருவம்மாதான் பாவம், அத்தனையையும் தின்னா.

தை பொறந்ததும் பன்னெண்டு கட்டத்தையும் சேத்துக் கொண்டுவந்து போத்திவிட்டா. வரிசைக்கு ஆறு, ரெண்டு வரிசை. பாதத்துல ஆரம்பிச்சு முழங்காலோட நின்னுச்சு. “அத்தை, நான் போய்ட்டு வரட்டுமா?”

“முழங்காலுக்கு மேல நான் விறைச்சுச் சாகவா? இடுப்பு வரைக்கும் தை.”

ரெண்டாவது வருஷமும் கொர்ர்ர் சரக்தான். கொசுவம் அஞ்சாச்சு. இந்தத் தடவை ஆவுடையம்மா நெய்யை விட்டா, பணியாரத்தையும் விட்டா. உப்பில்லாத கஞ்சியை முகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் குடிச்சா. எதிர்வீட்டு மாடத்தி பாத்துட்டு, “என்ன ஆவுடை, இப்படி இளைச்சுத் துரும்பாப் போயிட்ட?”ன்னு கேட்டா. ஆவுடையம்மாவுக்குக் கோவம் வந்துச்சு பாரு. “பெருத்துப் போயிருக்கேன்னு குத்திக் காட்டுறியா?”ன்னு ரெண்டு மாசம் அவகிட்டப் பேசவே இல்ல.

அடுத்த தை வந்துச்சு. இப்போ இருபத்துநாலு கட்டம். போர்வை இடுப்போட நின்னுச்சு. “நெஞ்சுக்குத்தான் குளிரே. கழுத்து வரைக்கும் தை”ன்னுட்டா மாமியார்.

அன்னைக்குக் குருவம்மா கொல்லையில போய் அழுதா. வாய்விட்டு அழுதா. ரெண்டு வருஷமா அம்மா குரலைக் கேக்கல. அம்மா எப்படிச் சிரிப்பாங்கறதே மறந்துபோற மாதிரி இருந்துச்சு. அழுது முடிச்சு, முகத்தைக் கழுவிட்டு, மறுபடியும் கத்தரியை எடுத்தா.

“ம்...”

மூணாவது வருஷம் கொசுவம் நாலுதான். ஆவுடையம்மா பதறிப்போய் வைத்தியரைப் பாத்தா. அவரு நாடி பிடிச்சாரு. சேலை பத்தலைன்னு இவ சொன்னதைக் கேட்டுட்டு, ஆளை நிமிந்துகூடப் பாக்காம, “விடியக்காலையில மாவாட்டுங்க, இடுப்பு தானாக் குறையும்”னு சொல்லிட்டாரு. அப்புறம் என்ன? மருமக தூங்குறா, மாமியார் கடகட கடகட.

ஒரு நாள் சத்தம் கேட்டுக் குருவம்மா எந்திரிச்சு வந்தா. ஆவுடையம்மா குழவியைச் சுத்த முடியாம நின்னு நின்னு சுத்துறா. குருவம்மாவுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. “நகருங்க அத்தை, நான் ஆட்டுறேன்.” “போடி, என் இடுப்பு குறையணும்.” சொல்லிடலாமான்னு குருவம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா போர்வையும் போச்சு, அம்மாவைப் பாக்குறதும் போச்சு. முழுங்கிட்டா.

அப்புறம் மார்கழியும் வந்துச்சு. கடைசிக் கட்டம், முப்பத்தாறாவது. அதுக்கு வரிசைப்படி இந்த வருஷமும் கடைசியா வந்தது மாம்பழக் கலர்ப் பட்டுதான். அது ஆவுடையம்மாவோட கல்யாணச் சேலை. தச்சுச் சேத்துக் கொண்டுவந்து போத்திவிட்டா. போர்வை பாதத்துல ஆரம்பிச்சுக் கழுத்துல வந்து நின்னுச்சு. இனிமே தலைதான் பாக்கி.

தலையையும் மூடச் சொல்லலாமான்னு ஆவுடையம்மா வாயைத் திறந்தா. திறந்த வாயை மூடல. அவ மூக்குக்குப் பக்கத்துல தாழம்பூ வாசனை. அவ பெட்டிக்குள்ள போட்டு வைக்கிற தாழம்பூ. இதுவரைக்கும் முழங்காலோடயும் இடுப்போடயும் நின்ன வாசனை இப்பத்தான் மூக்குக்கு எட்டுது. கண்ணை இறக்கிப் பாத்தா மாம்பழக் கலர்ப் பட்டு. மெதுவா எந்திரிச்சா. பெட்டியைத் திறந்தா. கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டத்தோட பக்கத்துல வச்சா. அடுத்த சேலையை எடுத்தா, அதுவும் போர்வையில இருக்கு. அடுத்தது, அதுவும்.

முழிச்சிருக்கியா?

“ம்.”

குருவம்மா சொல்லிட்டா. “நீங்க தரல அத்தை. கடையில வாங்கல. வெளியில யார்கிட்டயும் கேக்கல. மூணுல எதை மீறுனேன் சொல்லுங்க.”

ஆவுடையம்மா அதைக் காதுலயே வாங்கல. “அப்போ நான் பெருக்கலையா?”

“இல்ல அத்தை. முருங்கைக்காய் மாதிரி இருக்கீங்க.”

“ரெண்டு வருஷம்டி. ரெண்டு தீபாவளி. ஒரு அதிரசத்தை வாயில வைக்கலையேடி பாவி.”

“எனக்கு மூணு வருஷம் அத்தை. மூணு தீபாவளி. எங்கம்மா முகத்தை நான் பாக்கல.”

ஆவுடையம்மா வெத்தலைப் பெட்டியை எடுத்தா, திறந்தா, மூடுனா. அப்புறம், “வண்டியைப் பூட்டச் சொல்லு”ன்னா.

ஜல் ஜல்னு வண்டி கிளம்புச்சு. சிவனாண்டி ஓட்டுறான், குருவம்மா பின்னாடி உக்காந்திருக்கா. தெருமுனை தாண்டல, “நிறுத்துடா”ன்னு ஒரு சத்தம். ஆவுடையம்மா ஓடி வர்றா, மனசு மாறிடுச்சோன்னு குருவம்மா வண்டிச் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆவுடையம்மா வந்து வண்டியில ஏறி உக்காந்தா. “நானும் வர்றேன். இப்படி ஒரு பொண்ணை வளத்தவ யாருன்னு நான் பாக்கணும்.”

அடிவாரத்துல வண்டியை விட்டுட்டு நடந்தாங்க. மாவாட்டுன உடம்பு இல்லையா, ஆவுடையம்மா ஆடு மாதிரி ஏறுறா. அதிரசம் தின்னவதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு பின்னாடி வர்றா.

வீட்டு வாசல்ல அம்மா காத்தாயி நின்னா. மகளைக் கட்டிக்கிட்டு அழுதா, முகத்தைத் தடவுனா. அப்புறம் மகளை ஏற இறங்கப் பாத்தா. நல்லா உருண்டு திரண்டு இருக்கா. சம்பந்தியைப் பாத்தா. ஒட்டடைக்குச்சிக்குச் சேலை கட்டுன மாதிரி நிக்கிறா.

காத்தாயிக்கு முகம் மாறிடுச்சு. “அடிப்பாவி, மாமியாரைப் பட்டினி போட்டுட்டு நீ தின்னு கொழுத்திருக்கியா? இதுக்கா உன்னை வளத்தேன்?” விளக்குமாத்தைத் தேடுறா. குருவம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. என்னத்தைச் சொல்லுவா? சேலையை வெட்டுன கதையையா சொல்ல முடியும்?

ஆவுடையம்மா மருமகளைப் பாத்தா. இப்போ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மூணு வருஷத்துக்கும் சேத்து வசூல் பண்ணிடலாம். குருவம்மா கண்ணுல தண்ணி நிறைஞ்சு நிக்குது.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி. இது ஒரு வேண்டுதல். மூணு வருஷம் நெய்யைத் தொடமாட்டேன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டேன்.”

“அப்படி என்ன வேண்டுதல்?”

ஆவுடையம்மா தொண்டையைச் செருமிக்கிட்டா. “என் மருமகளை அவ அம்மாகிட்டக் கொண்டுவந்து விடணும்னுதான். இன்னைக்கு நிறைவேறிடுச்சு. உங்க வீட்டுல பணியாரச் சட்டி இருக்கா?”

அன்னைக்குக் குருவம்மா பணியாரம் ஊத்துறா, சொய்ங், சொய்ங். நெய்யில முக்கி முக்கி மாமியார் தட்டுல வைக்கிறா. போதும்னு ஆவுடையம்மாவும் சொல்லல, போதுமான்னு இவளும் கேக்கல.

தூங்கிட்டியா? ம்கூட வரலையே. சட்டி இறங்குச்சு, அடுப்பு அணைஞ்சுது, கதையும் மலைமேலயே படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு கண்ணு.