அமேசான் அம்மிணி

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் வந்து பதிந்துகொள்ள வேண்டும், தவறினால் பறிமுதல் என்று வனத்துறை அலுவலகத்தில் முகாம் போட்டிருந்தார்கள். என் மகள் அடம்பிடித்து வாங்கிய இகுவானா என்ற வெளிநாட்டுப் பெரிய ஓணானைக் கூடையில் போட்டுக்கொண்டு நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஹாலோபிளாக் கம்பெனி ரத்தினசபாபதி, நீலமும் மஞ்சளுமான ஒரு மக்காவ் கிளியோடு. இன்னொரு பக்கம் சென்னியப்பன். பொள்ளாச்சி-பழனி ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மடியில் கம்பிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி. பெயர் அம்மிணி.

பேப்பரில் பாதிச் செய்தியை மட்டும் படித்துவிட்டு மனுஷன் கிளம்பி வந்திருக்கிறார். ரத்தினசபாபதிதான் மீதியைச் சொன்னார். கடல் தாண்டி வந்த பறவை என்றால் காகிதம் கொடுப்பார்கள், வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பதே குற்றம், பார்த்தால் வாங்கிக்கொள்வார்கள். சட்டம் அப்படி. சென்னியப்பன் முகம் செத்துப்போனது. அம்மிணி இல்லாமல் வீட்டுக்கு வந்தால் சோறு கிடையாது என்று வீட்டம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாராம். எழுந்து போகலாமென்றால் டோக்கன் போட்டாயிற்று, பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தாயிற்று.

கூண்டை மடியில் நேராக வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இது உள்ளூர்க் கிளின்னு யாருங்க சொன்னா? இது பிரேசிலு. அமேசான் காடு. நானே போயி புடிச்சுட்டு வந்தேனுங்க."

பழனிக்கு அந்தப் பக்கம் போகாத கண்டக்டர் பிரேசிலுக்கு எதற்குப் போனார் என்று ரத்தினசபாபதி கேட்டார். சில்லறை பாக்கி வைக்காத ஒரே கண்டக்டர் உலகத்திலேயே இவர்தான் என்று அந்த நாட்டு சர்க்கார் கூப்பிட்டு மாலை போட்டார்களாம். எனக்கு அமேசானைவிட இதை நம்பத்தான் சிரமமாக இருந்தது.

"அங்க ஒரு மரமுங்க. அடியில திங்கக்கெழமைன்னா உச்சியில செவ்வாக்கெழமை. அவ்வளவு ஒசரம். மூணு நாள் ஏறுனேன். அம்மிணி உச்சாணியில உக்காந்திருக்குது. அப்ப இது கன்னுக்குட்டி சைஸுங்க."

இப்போது ஏன் ஒரு சாண் இருக்கிறது என்று நான் கேட்டேன். ஆழியாற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இளைத்துவிட்டதாம். அந்தச் சிவந்த மூக்கு அசல் நம் ஊர்க் கிளிக்கு இருப்பது போலவே இருக்கிறதே என்றார் ரத்தினசபாபதி. பழனி மிளகாய் தின்று தின்று சிவந்ததாம், வரும்போது வெள்ளை மூக்காம். சொல்லிவிட்டு, நடுவில் பேசினால் கதை விட்டுப்போகும் என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

இறங்குவதுதான் கஷ்டமாகிவிட்டது. மரத்தை ஒரு அனகோண்டா சுற்றியிருந்தது. பொள்ளாச்சியில் தலை என்றால் உடுமலையில் வால், அத்தனை நீளம். அது வாயைத் திறந்தது. சென்னியப்பன் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

"ஒரு விசிலு. அப்பிடியே நின்னுபோச்சுங்க. முதுகுல ஏறி உக்காந்துட்டு ரெண்டு விசிலு. கெளம்பிருச்சு. வழியில கொரங்குக நாப்பத்திமூணு ஏறுச்சு, எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிச்சேன். ஒரு சிறுத்தை மட்டும் பாஸுன்னு சொல்லுச்சு. காட்டச் சொன்னேன். இல்லை. அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டேன். யாரா இருந்தா நமக்கென்னங்க?"

பெஞ்சே குலுங்கியது. முயல் குட்டியோடு வந்திருந்த அம்மா ஒருவர் தன் டோக்கனைக் கூப்பிட்டதைக் கவனிக்கவில்லை. சென்னியப்பனுக்கு வேகம் ஏறிவிட்டது. ஏரோப்ளேன் ஏறினால் சோதனை போடுவார்கள் என்று கிளியின் காலைப் பிடித்துக்கொண்டே பறந்து வந்தாராம். நடுக்கடலில் கை மாற்றிக்கொள்ள ஒரு திமிங்கலத்தின் மேல் கால் வைத்தாராம். மடத்துக்குளம் தாண்டி ஒரு சோளக்காட்டில் இறங்கினார்களாம். காலையில் எண்ணிப் பார்த்த பிரேசில்காரர்கள் ஒரு கிளி குறைகிறதென்று பதறி, எல்லா நாட்டையும் கூட்டி, இனிமேல் எவனும் கிளியைத் தூக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்களாம்.

"நீங்கெல்லாம் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கற இந்தச் சட்டமே என்னாலதானுங்க வந்துச்சு."

அப்போது உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வனவர் தமயந்திக்கு முப்பது வயது இருக்கும். கதவு திறந்தே இருந்ததால் மரம், பாம்பு, திமிங்கலம் எல்லாம் அவர் மேசைக்கும் வந்து சேர்ந்திருந்தன. உட்காரச் சொல்லி, எந்த நாடு என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் எல்லாருடைய கண்ணும் முதுகில் இருக்க, சென்னியப்பன் பிரேசில் என்றார். அந்தம்மா ஒரு தாளை எடுத்து நிதானமாக எழுதி வாசித்துக் காட்டினார். அந்நிய நாட்டுக் காட்டிலிருந்து பறவையைத் தானே பிடித்தது. அனுமதி வாங்காமல், சுங்கத்துக்குத் தெரியாமல் கொண்டுவந்தது.

"இதுல கையெழுத்துப் போடுங்கய்யா. ஆனா இது கடத்தலு. ஜெயிலுக்குப் போற கேசுங்க."

சென்னியப்பன் பேனாவை வாங்கவில்லை. பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினோம். கூண்டுக் கம்பி வழியாக அவர் ஒரு விரலை நீட்ட, கிளி அதை மெதுவாகக் கவ்வியது.

"பிரேசில் எல்லாம் இல்லீங்க," என்றார். கண்டக்டர் குரலே இல்லை. "ஏழு வருசத்துக்கு முந்தி காத்து அடிச்சப்ப எங்க கொல்லைத் தென்னையில இருந்து விழுந்துச்சு. றெக்கை மொளைக்கல. எங்க வீட்ல பொட்டுக்கடலை மாவு கரைச்சு ஊத்தி வளத்துனாங்க. எங்களுக்குக் கொழந்தை குட்டி இல்லீங்க. நான் பழனி தாண்டுனதில்லை. இது வாசல் தாண்டுனதில்லை. இதை நம்புங்கம்மா."

தமயந்தி எழுதிய தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இதை நம்பறேனுங்கய்யா," என்றார். "அப்ப இது நம்ம ஊர்க் கிளிதானுங்க. கூண்டை இப்படி வைங்க."