ருசி மறந்த ஆவுடை

கேளுங்கள், சொல்கிறேன். மிளகாய் என்ற ஒன்று நம் பக்கம் வந்தே சேராத காலம் அது. காரம் வேண்டுமா, மிளகைத் தட்டிப் போடு என்றிருந்த காலம். அப்போது நெட்டூர் என்று ஒரு நாடு, அதற்கு ஒரு ராஜா. நல்ல ராஜாதான். ஆனால் எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ராஜா ஒருமுறை வேட்டைக்குப் போன வழியில் ஒரு சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பைக் கொட்டி வைத்திருந்தார்கள். ராஜா ஒரு வாய் வைத்தார், எழுந்து கை கழுவினார், அரண்மனைக்குத் திரும்பினார். மறுநாளே நாடெல்லாம் தண்டோரா போட்டாயிற்று.

"சத்திரத்துச் சமையல்காரர் அத்தனை பேரும் ஆவணிப் பௌர்ணமியன்று அரண்மனையில் பரீட்சைக்கு நிற்க வேண்டும்! தேறினால் முத்திரை போட்ட அகப்பை! தேறாவிட்டால் சத்திரத்தை விட்டு வெளியேற வேண்டும்!"

இந்தத் தண்டோரா ஆலங்குறிச்சிச் சத்திரத்து வாசலிலும் கேட்டது. அங்கே அடுப்படியில் நின்றவள் பெயர் ஆவுடை. பல வருஷமாக வழிப்போக்கர்களுக்கு ஆக்கிப் போடுகிறவள். கொதிக்கிற குழம்பின் ஆவி முகத்தில் அடித்தாலே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். சத்திரத்தின் பின்கட்டில்தான் அவளுக்கும் அவள் புருஷன் பூதலிங்கத்துக்கும் வீடு. சத்திரம் போனால் வீடும் போகும். அதைவிட, அந்த அடுப்பு போகும். அது இல்லாமல் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததும் ஆவுடை பயந்துபோய்த் திரும்பினாள். கையிலிருந்த சீரகம் தரையெல்லாம் சிதறியது.

பூதலிங்கம் சிரித்தான். "ஏளா ஆவுடை, இத்தனை வருஷமா ஆக்கிப் போடுறவளுக்கு இது ஒரு காரியமா? கண்ணை மூடிக்கிட்டுத் தேறிடுவே."

பாவம், நல்லதாகத்தான் சொன்னான். ஆனால் அவள் மனசு அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? 'கண்ணை மூடிக்கொண்டு தேற வேண்டியதில் நான் தோற்றால் ஊர் என்ன சொல்லும்? இவர்தான் என்ன நினைப்பார்?' முன்பு ஒரு பயம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு உட்கார்ந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்து வீட்டு வடிவிடம் போனாள்.

"பட்டினி கிட அக்கா," என்றாள் வடிவு. "பசிச்ச நாக்குக்குத்தான் கூர்மை. வயிறு நிறைஞ்சா நாக்கு தூங்கிடும்."

சரி என்று திரும்பி வந்தாள். வழியில் அவளுடைய கொழுந்தன் எதிரே வந்தான்.

"பட்டினியா? நல்லா இருக்கு போங்க! பழக்கம் வேணும் மதினி. புளி, உப்பு, மிளகு, பெருங்காயம் எல்லாத்தையும் எந்நேரமும் நக்கிப் பார்த்துக்கிட்டே இருங்க. அப்பத்தான் நாக்கு மறக்காது."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அன்று சத்திரத்தில் ஒரு நாட்டு வைத்தியர் தங்கியிருந்தார். அவரிடமும் கேட்டு வைத்தாள்.

"நாக்கிலே பழைய அழுக்கு படிஞ்சிருக்கும் தாயி. வேப்பங்கொழுந்தை அரைச்சுக் காலையும் மாலையும் தேய். நாக்கு பளபளன்னு ஆயிடும்."

ஒருத்தி சாப்பிடாதே என்கிறாள். ஒருவன் நக்கிக்கொண்டே இரு என்கிறான். ஒருவர் தேய் என்கிறார். எது சரி? ஆவுடைக்குத் தலை சுற்றியது. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், விட்டதுதான் சரியாக இருந்துவிட்டால்? அதனால் அவள் மூன்றையும் செய்தாள். பட்டினியும் கிடந்தாள், மிளகையும் புளியையும் நக்கினாள், வேப்பங்கொழுந்தையும் போட்டுத் தேய்த்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பரீட்சைக்கு முன்னால் நீங்கள் செய்த கூத்தெல்லாம் எனக்கும் தெரியும். பேசாமல் கேளுங்கள்.

பௌர்ணமி நெருங்க நெருங்க ஆவுடையின் சமையல் கெட்டது. ரசம் இறக்கும்போது உப்பு போட்டோமா என்று சந்தேகம் வரும். இன்னொரு கை போடுவாள். புளி கரைத்தோமா என்று சந்தேகம் வரும். இன்னும் கொஞ்சம் கரைப்பாள். நன்றாக இருந்த கூட்டு, அவள் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே வாயில் வைக்க முடியாமல் போனது. வழக்கமாக வரும் உப்பு வண்டிக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன தாயி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பௌர்ணமியும் வந்தது. அரண்மனை மடைப்பள்ளிக்கு வெளியே நீளமாக ஒரு வரிசை. ஒருவர் உதடு முணுமுணுக்கிறது. ஒருவர் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்கிறார். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவர் கையிலும் அகப்பை இல்லை. ஒருவர் "பெருங்காயம்னு சொன்னேனே, பெருங்காயம்னு சொன்னேனே" என்று புலம்பிக்கொண்டே போனார். இன்னொரு அம்மாள் "இஞ்சியா இருக்குமோ?" என்று வரிசையில் நின்ற எல்லோரையும் கேட்டாள். ஆவுடைக்குப் பெருங்காயமும் இஞ்சியும் மண்டைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே மடைப்பள்ளித் தலைவர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பரீட்சை வைத்து வைத்து அவருக்கே கண் சொருகியது. அவர் முன்னால் மூன்று கிண்ணங்களில் பருப்புக் குழம்பு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"ருசி பாரும்மா. எதில் என்ன குறை என்று சொல். மூன்றையும் சரியாகச் சொன்னால் அகப்பை உனக்கு."

ஆவுடை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவசர அவசரமாக இரண்டாவதை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதை வைத்தாள். வெந்நீர் குடித்தாற்போல் இருந்தது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயோ, நாக்கு செத்துப் போச்சே! சத்திரம் போச்சே! அடுப்பு போச்சே!

"முதல் கிண்ணத்தில் என்ன குறை?" என்று கேட்டார் தலைவர்.

பெருங்காயம் என்று சொல்ல வாயெடுத்தாள். இஞ்சி என்று சொல்லலாமோ என்றும் தோன்றியது. எதையாவது சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ருசி தெரியாமல் ருசி சொல்வது அவளுக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பொய்யை அவள் சொன்னதில்லை.

"தெரியலை ஐயா," என்றாள். சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது. "பயத்திலே எனக்கு நாக்கே வேலை செய்யலை. நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடலை. கண்டதையும் தேய்ச்சு நானே கெடுத்து வச்சிருக்கேன். ஒரு சொம்பு நீராகாரம் கொடுங்க. கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன். அப்புறம் சொல்றேன்."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து வந்தவர்களில் இப்படி ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று ராஜாவும் சொல்லவில்லை. அவர் கையைக் காட்ட, மடைப்பள்ளிப் பணியாள் ஒருவர் போய்ப் பானையிலிருந்து நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆவுடை முதலில் வாயைக் கொப்பளித்தாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மெல்ல மெல்லக் குடித்தாள். பழைய சோற்றின் புளிப்பு தொண்டையில் இறங்கியது. மூச்சை இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். பயம் போகவில்லை. அது எங்கே போகும்? அவள் அதைத் துரத்தவும் இல்லை. 'சரி, இரு. நீ பாட்டுக்கு இரு. எனக்கு வேலை கிடக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். இரண்டாவது கிண்ணத்தையும் மூன்றாவது கிண்ணத்தையும் தள்ளி வைத்தாள். முதல் கிண்ணத்தை மட்டும் அருகில் இழுத்தாள். யாரோ ஒரு வழிப்போக்கர் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இதை ஊற்றலாமா வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி. நாக்கில் வைத்தாள். கொஞ்சம் பொறுத்தாள்.

"உப்பு இல்லை ஐயா."

தலைவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவதை இழுத்தாள். மறுபடி வாயைக் கொப்பளித்தாள், ருசி பார்த்தாள், பொறுத்தாள்.

"புளி விடலை."

மூன்றாவதை இழுத்தாள். ருசி பார்த்தாள். பொறுத்தாள். இன்னும் பொறுத்தாள்.

ஒரு குறையும் தெரியவில்லை.

மறுபடியும் நாக்கு செத்துப் போச்சா? பரீட்சையில் வைத்த குழம்பில் குறை இல்லாமல் இருக்குமா? குறை சொல் என்றுதானே சொன்னார்? அப்படியானால் குறை இருந்தே ஆக வேண்டும், அவள் நாக்குக்குத்தான் எட்டவில்லை. ஒருவேளை பெருங்காயமோ? இஞ்சியோ? வெளியே புலம்பியவர்களின் குரல்கள் எல்லாம் காதுக்குள் கூடிவிட்டன. குழம்பு நன்றாக இருக்கிறதா, நாக்குக் கெட்டுப்போனதா? இரண்டும் வாயில் ஒரே மாதிரிதானே இருக்கும்! எதை நம்புவது? ஆவுடைக்குத் திக்குத் தெரியவில்லை.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பக்கத்து மாடத்தில் உப்பு மரவை, அதாவது உப்பு வைக்கும் மரச்சட்டி, இருந்தது. அதிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. நன்றாகவே கரித்தது. அப்படியானால் நாக்கு உயிரோடுதான் இருக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு மூன்றாவது குழம்பை மறுபடி ருசி பார்த்தாள். பருப்பு பருப்பாக இருந்தது, புளி புளியாக இருந்தது, உப்பு அளவாக இருந்தது.

"இதிலே குறை இல்லை ஐயா," என்றாள்.

தலைவர் புருவத்தைச் சுருக்கினார். "நன்றாகப் பார்த்தாயா?"

"பார்த்தேன் ஐயா. குறை இல்லை."

"குறையைக் கண்டுபிடிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டது?"

ஆவுடை கிண்ணத்திலிருந்து கையை எடுத்தாள். "ஆமா ஐயா. ஆனா இதிலே குறை இல்லை."

"காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் இதில் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்கு மட்டும்தான் இல்லையா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். "அவங்க நாக்கு எனக்குத் தெரியாது ஐயா. என் சத்திரத்திலே இந்தக் குழம்பை நான் இப்படியே ஊத்துவேன்."

தலைவர் எழுந்தார். மூன்றாவது கிண்ணத்தை எடுத்து, அதிலிருந்த குழம்பை ஒரு கவளம் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, தாமே சாப்பிட்டார். அவருக்கும் காலையிலிருந்து பட்டினி.

"நல்ல குழம்புதான் அம்மா. நானே வைத்தது," என்றார். "இதில் இல்லாத குறையைச் சொன்னவர் கையில் அகப்பையைக் கொடுத்தால், அவர் இதில் எதையாவது அள்ளிக் கொட்டிக் கெடுத்துவிடுவாரே, அதற்குத்தான் இந்தக் கிண்ணம்."

முத்திரை போட்ட அகப்பையை அவள் கையில் கொடுத்தார். வாங்கிய கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆவுடை அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

வெளியே வந்ததும் வரிசை முழுக்க அவளைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர், வாயெல்லாம் வேப்பிலைப் பச்சையாக, அவள் வழியை மறித்தார்.

"தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்! உள்ளே என்ன கேக்குறாங்க? பட்டினி கிடந்தியா? என்ன தேய்ச்சே? எனக்கு நடுக்கமா வருது, ஒண்ணும் புரியலை!"

ஆவுடை அந்த மீசையைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"உள்ளே கேக்கிறதைச் சொல்லக்கூடாது அண்ணே," என்றாள். "முதல்ல அந்த வேப்பிலையைத் துப்புங்க. உள்ளே நீராகாரம் இருக்கு, கேட்டாக் கொடுப்பாங்க. நடுக்கம் அதுபாட்டுக்கு இருக்கட்டும், எனக்கும் இருந்துது. குடிச்சிட்டு அப்புறமா ருசி பாருங்க."

அவர் நம்பாமல் அவளையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, வாயிலிருந்ததைத் துப்பினார்.

கதை இவ்வளவுதான் மக்களே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பரீட்சையில் பயம் வந்தால் அதை மறைத்து எதையாவது உளறாமல், பயமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.