ஓடைப்பட்டியின் நன்றி

தமிழில் பஸ்ஸும் விடலாம், கதையும் விடலாம். அமைச்சர் ஒருவர் வேலங்குளத்துக்குப் புதுப் பஸ் விடுவதாக மேடையில் வாக்களித்துவிட்டார். வாங்கப் பணமில்லை. ஆகவே, பக்கத்து ஓடைப்பட்டிக்கு ஓடும் ஒரே பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்து விழாவுக்கு ஓட்டிவரும்படி டிரைவர் சடையாண்டிக்கு உத்தரவு போட்டார்.

விழாவில் அமைச்சர் ரிப்பனை வெட்டிக் கதவைத் திறந்தால், உள்ளே நாற்பது பேர்.

"யாருய்யா இவங்க?"

"ஓடைப்பட்டிக்காரங்கய்யா. அவங்க பஸ்ஸை இங்க விட்டுட்டு, அவங்களுக்கு வேற புதுசா தரப்போறீங்கள்ல? நன்றி சொல்லணும்னாங்க, கூட்டிட்டு வந்தேன்."

நாற்பது பேரும் கும்பிட்டார்கள். வேலங்குளமே கைதட்டியது. மைக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அமைச்சருக்கு வாய் வரவில்லை.

இல்லாத பணம் எங்கிருந்தோ முளைத்து, அடுத்த மாதம் ஓடைப்பட்டிக்கும் புதுப் பஸ் வந்தது. அதன் பக்கவாட்டில் அமைச்சரின் படம் சிரிக்கிறது. ஊரார் சாப்பிடக் கூப்பிடுவது சடையாண்டியைத்தான்.