மணியக்காரர் அள்ளிப்போன எரு

ஒரே ஒரு ஊருல பூவாத்தான்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் மொக்கையன், யாரு எத கேட்டாலும் தலையாட்டுறவன். அவங்க குடிச இருந்த எடமோ சரள மண்ணு. கொத்துனா மண்வெட்டி கிணிங்கும், வெதச்சா வெத அப்படியே கெடக்கும்.

அதுமேலயும் ஊரு மணியக்காரருக்கு ஒரு கண்ணு. வழக்கு ராசாகிட்ட போச்சு. ராசா என்ன சொன்னாரு? "ஆளுக்குப் பாதி. தை பொறக்கயில யாரு பாதியில கத்தரிக்கா காய்க்குதோ, மொத்த எடமும் அவங்களுக்கு." தோத்தா பூவாத்தா சட்டிபானையத் தூக்கிக்கிட்டு எங்க போவா, சொல்லுங்க?

ஆனா அவகிட்ட ஒரு எருக்குழி இருந்துச்சு. ரெண்டு வருசமா சாணியும் சருகும் சாம்பலுமாப் போட்டு, தண்ணி தெளிச்சு வச்சிருந்தா. மேல கெடந்தது போன வாரத்துச் சாணி. கைய விட்டா சுடும். அடியில கெடந்ததுதான் நல்லா மக்குனது.

ஒருநாள் மணியக்காரர் வண்டியக் கட்டிக்கிட்டு வந்தாரு.

"பூவாத்தா, ஒரு வண்டி எரு அள்ளிக்கிறேன்."

"அய்யா, அது இன்னும் மக்கல. போட்டா செடி கருகிப்போகும்."

"குடுக்க மனசில்லன்னு சொல்லேன்!"

சொல்லி முடிக்கல, மொக்கையன் கூடையோட குழிக்குள்ள எறங்கிட்டான்.

"அட மனுசா, நீ என்ன பண்ற?"

"பெரியவரு கேக்குறாரு புள்ள, எப்படி இல்லங்குறது?"

மறுநாளும் வண்டி வந்துச்சு. பூவாத்தா மறுபடியும் சொன்னா, "மக்கல அய்யா, மக்கல!" கேட்டாத்தானே? மூணாம் நாளும் வந்து, பச்சச் சாணி மொத்தத்தயும் வழிச்சு ஏத்திட்டாரு. அடியில கருகருன்னு உதிரி உதிரியா ஒண்ணு தெரிஞ்சுச்சு. அள்ளி மோந்து பாத்தாரு.

"நாத்தமே இல்ல! வெறும் மண்ண அடியில போட்டு, குழிய நெறச்சு வச்சிருக்கா பாரு, கள்ளி!"

தூன்னு துப்பிட்டுப் போயிட்டாரு. பூவாத்தா தலையில அடிச்சுக்கிட்டா. நெசத்தச் சொன்னா சாக்குங்குறாரு, எருவக் காட்டுனா மண்ணுங்குறாரு, இவருகிட்ட எந்தப் பாசையில பேசுறது? சிரிக்காதீங்க, அவளுக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம் மூக்கச் சிந்திப்போட்டு, அந்த "மண்ண" அள்ளிக் கொத்திவிட்டு நாத்து நட்டா.

மணியக்காரரும் நட்டாரு. அவரு நாத்து நாலே நாள்ல மஞ்சளாச்சு, எட்டாம் நாள் கருகுச்சு, மிச்சமிருந்த வேரப் புழு தின்னுச்சு. தை பொறந்தப்போ பூவாத்தா பாதியில கொத்துக்கொத்தாக் கத்தரிக்கா.

ராசா பாக்க வந்தாரு. மணியக்காரர் ஓடிப்போயி காலுல விழுந்தாரு.

"ராசாவே, மோசம் போயிட்டேன்! இவ எருவுல மந்திரம் வச்சுட்டா!"

"அப்படியா மணியம்? அவ எரு ஒன் தோட்டத்துக்கு எப்படி வந்துச்சு?"

ராசா ஊரப் பாத்தாரு. ஊரே வண்டி போன கதையச் சொல்லிருச்சு.

"எடம் பூவாத்தாளுக்கு. மணியம் ஒரு வருசம் ஊருச் சாணியக் கூடையில அள்ளி, தலையில சொமந்து, அவ குழியில கொட்டணும்."

மறுநாளே கூடையோட வந்தாரு. வந்தவரு அவசர அவசரமா வரப்புலயே கொட்டிட்டுத் திரும்புனாரு.

"அய்யா! குழிக்குள்ள கொட்டுங்க அய்யா, குழிக்குள்ள!" ன்னு கத்துனா பூவாத்தா.

அவளுக்குக் கத்தரிக்கா, அவருக்குச் சாணிக்கூடை, நமக்குத் தூக்கம். பொறுக்காதவன் போட்ட எரு பயிரத்தான் பொசுக்கும். போயிப் படுங்க.