எடையைக் கூட்டிக் காட்டிய பள்ளிக்கூடம்

தும்மலப்பட்டித் தொடக்கப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். மூவரும் நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

தலைமையாசிரியர் பொன்னுரங்கம் சொன்ன சொல் தட்டாதவர். படிவத்தில் 'இங்கே கையொப்பமிடவும்' என்று கட்டம் போட்டிருந்தால், கையெழுத்தின் வால் ஒரு நூல் வெளியே போனாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் எழுதுவார். மாசிலாமணி சார் கணக்கில் புலி. தில்லைக்கரசி டீச்சருக்கு ஒரு சொல்லுக்கு நாலு பொருள் தெரியும். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதுதான் தெரியாது.

பிள்ளைகளின் உடல்நலம் பேணுவதற்குப் பயிற்சி என்று மூவரையும் மூன்று நாள் டவுனுக்கு வரவழைத்தார்கள். டாக்டர் மதிவதனி திரையில் அறுபத்திரண்டு பள்ளிகளின் பட்டியலைக் காட்டினார்.

"பிள்ளைங்க மெலிஞ்சு கிடக்குறதுல தும்மலப்பட்டிதான் முதலிடம்."

முதலிடம் என்றதும் மாசிலாமணி எழுந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். பொன்னுரங்கம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஒன்றாம் வகுப்புச் செவ்வந்தி அவர் ஞாபகத்துக்கு வந்தாள். புத்தகப் பையை மாட்டினால் பின்னாலேயே சாய்ந்துவிடுகிற பிள்ளை அது.

"நல்லா எழுதிக்குங்க," என்றார் டாக்டர். "ஒரு கண் எப்பவும் பிள்ளைங்க மேல இருக்கணும். சாப்பாட்டைப் பரிமாறுறதுக்கு முன்னாடி நீங்க ருசி பார்க்கணும். தட்டுல வானவில் மாதிரி எல்லா நிறமும் இருக்கணும். பூச்சி மாத்திரையை மறக்காதீங்க. சரியா ஒரு மாசம் கழிச்சு நானே நேர்ல வருவேன். பிள்ளைங்க எடையைக் கூட்டிக் காட்டணும்."

பொன்னுரங்கம் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை மூவரும் கூடிப் பேசினார்கள்.

"ஒரு கண்ணுன்னா எந்தக் கண்ணு சார்?" என்று மாசிலாமணி கேட்டார்.

"இன்னொரு கண்ணுக்கும் வேலை சொல்லியிருக்காங்க. ருசி பார்க்கணும்னாங்களே," என்றார் தில்லைக்கரசி. "பார்க்கிறது கண்ணோட தொழில். வலது கண் பிள்ளைங்க மேல. இடது கண் சாம்பார் மேல."

அன்று மதியம் மூவரும் சாம்பார் அண்டாவைச் சுற்றி நின்று, ஒரு கண்ணை அண்டாவுக்குள்ளும் ஒரு கண்ணைப் பிள்ளைகள் வரிசையிலும் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் பொன்னுரங்கத்துக்கு இரண்டு அண்டாக்கள் தெரிந்தன. பிள்ளைகள் எண்பத்திரண்டு பேராகிவிட்டார்கள். உள்ளபடி நாற்பத்தொரு பேர்தான்.

"உப்பு பத்தலைன்னு சொல்றாங்களே, பிள்ளைங்க. வாயில வச்சுப் பார்த்தீங்களா சார்?" என்று சமையல் செய்யும் பேச்சியக்கா கேட்டார்.

"வாயைப் பத்தி டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலை," என்றார் பொன்னுரங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்தது வானவில். கேரட், கீரை, கத்தரிக்காய், பீட்ரூட் எல்லாம் உள்ளே வந்தன. முட்டையிடம் வந்ததும் வழக்கு நின்றுவிட்டது.

"வானவில்லுல வெள்ளை கிடையாது," என்றார் மாசிலாமணி.

"உள்ளே மஞ்சள் இருக்கே?"

"உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் டீச்சர்? ஆய்வுக்கு வர்றவங்க வெளியிலதான் பார்ப்பாங்க."

"அப்ப சோறும் வெள்ளைதானே?"

பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தார். "சோத்துல சாம்பார் ஊத்தினா மஞ்சளாயிடும். முட்டையில ஊத்தினா வழுக்கி ஓடிடும்," என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து முட்டை நின்றது. பேச்சியக்கா தலையில் அடித்துக்கொண்டார். அது சம்மதம் என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

அந்த வாரமே பூச்சி மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. பொன்னுரங்கம் அதை மேசையில் வைக்க, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தலைவலி மாத்திரை தலைவலிக்கு. காய்ச்சல் மாத்திரை காய்ச்சலுக்கு," என்று மாசிலாமணி விரல் விட்டு எண்ணினார். "பூச்சி மாத்திரை?"

"பூச்சிக்கு," என்றார்கள் மற்ற இருவரும்.

பள்ளியில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. அலமாரிக்குப் பின்னால் கரப்பான் பூச்சிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன. ஆனால் டப்பாவோடு வந்த தாளில் ஒரு சிக்கல் இருந்தது.

"இரண்டு வயதுக்குள் அரை மாத்திரைன்னு போட்டிருக்கு சார். இதுக்கு என்ன வயசு?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். கரப்பானும் மீசையை ஆட்டி அவரைப் பார்த்தது. "மீசை இருக்கு. பெரிய ஆள்தான். முழுசாக் கொடுங்க."

"நன்றாக மென்று விழுங்கணுமாம்."

"மெல்லுதா?"

"மாத்திரை மேல ஏறி உட்கார்ந்திருக்கு சார்."

"வற்புறுத்தாதீங்க. பயந்துடும்."

நாற்பத்தொரு மாத்திரைகளையும் சுவர் இடுக்குகளில் வைத்துவிட்டு, பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெறுநர் கையொப்பம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட வேண்டியிருந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது பொன்னுரங்கம் தான் எழுதி வந்த குறிப்பைப் புரட்டினார். எடை வேலை பாக்கி இருந்தது.

"எடையைக் கூட்டணும். கூட்டுதல்னா என்ன டீச்சர்?"

"பெருக்கிச் சுத்தம் பண்றது ஒண்ணு," என்றார் தில்லைக்கரசி. "பூசணிக்காயில செய்யறது ஒண்ணு. கணக்குல வர்றது ஒண்ணு."

"எடையை விளக்குமாத்தால கூட்ட முடியாது," என்றார் பொன்னுரங்கம். "பூசணிக்காய் இதுல எங்கே வருது? கணக்குதான்."

மாசிலாமணிக்கு முகமெல்லாம் வெளிச்சம். நாற்பத்தொரு பிள்ளைகளையும் எடை மெஷினில் ஏற்றி இறக்கினார். கரும்பலகையில் மேலிருந்து கீழே கூட்டினார். சந்தேகத்துக்குக் கீழிருந்து மேலேயும் கூட்டினார். இரண்டு தடவையும் விடை ஒன்றுதான். எழுநூற்று மூன்று கிலோ நானூறு கிராம்.

பொன்னுரங்கம் அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

டாக்டர் மதிவதனி சொன்ன தேதியில் வந்து இறங்கினார். "எடையைக் கூட்டினீங்களா சார்?"

"கூட்டிட்டோம் மேடம். எழுநூத்தி மூணு கிலோ நானூறு கிராம். சரி பார்த்தாச்சு."

டாக்டர் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். அவருடைய இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அந்த நேரம் பார்த்து அலமாரி இடுக்கிலிருந்து ஒரு கரப்பான், மாத்திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

அதன் பிறகு டாக்டர் யாரையும் நம்பவில்லை. ஜீப்பிலிருந்து வேறு டப்பா எடுத்து வந்து, ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையைத் தன் கையாலேயே போட்டார். செவ்வந்தியிடம், "என்னம்மா சாப்பிடுறே?" என்று கேட்டார்.

"முட்டை மட்டும் கிடையாது டாக்டர். அது வானவில்லுல இல்லையாம்."

டாக்டர் எழுந்து நின்றார். "சார், கடைசியா ஒண்ணு சொல்றேன். நாளையிலிருந்து ஒரு பிள்ளை விடாம, ஒரு நாள் விடாம முட்டை போடணும். போடலைன்னா மூணு பேருக்கும் மறுபடி பயிற்சி. இந்தத் தடவை முப்பது நாள்."

பேச்சியக்கா அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டார். அவருக்குப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. அதனால் சரியாகப் புரிந்துகொண்டார். மறுநாளே முட்டை வெந்தது.

டாக்டர் கிளம்பிப் போனதுமே ஆசிரியர்கள் மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"முட்டை போடுறதுன்னா..." என்று பொன்னுரங்கம் இழுத்தார்.

"கோழி போடுறது ஒண்ணு," என்றார் தில்லைக்கரசி.

"அது நம்மால ஆகாது," என்றார் பொன்னுரங்கம். "வேற?"

"வாத்தியார் போடுறது ஒண்ணு சார். பரீட்சைப் பேப்பர்ல."

பொன்னுரங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை எளிதான வேலையை இத்தனை நாள் செய்யாமல் விட்டோமே! அன்று மாலைக்குள் சிவப்பு மசியில் பெரிது பெரிதாக முட்டை போட்டாகிவிட்டது. தமிழில் முட்டை, கணக்கில் முட்டை, ஓவியத்தில்கூட முட்டை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மனமிரங்கி இரட்டை முட்டை.

செவ்வந்தியின் அம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன சார் இது, எல்லாத்துலயும் முட்டை?"

"டாக்டரம்மா சொன்னதும்மா. பிள்ளைக்கு நல்லது," என்றார் பொன்னுரங்கம் கனிவாக.

அடுத்த மாதம் எடை பார்த்தபோது ஒவ்வொரு பிள்ளையும் முக்கால் கிலோ, ஒரு கிலோ ஏறியிருந்தது. செவ்வந்தி ஒன்றேகால் கிலோ. பொன்னுரங்கம் மெஷினைத் தட்டிப் பார்த்தார். முள் நகரவில்லை. சிவப்பு மசிக்கு இவ்வளவு சத்து இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. மற்ற அறுபத்தொரு பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம் என்று உடனே ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

அப்போது மாசிலாமணி இரண்டு நோட்டுகளோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"சார், நாலாம் வகுப்புல ரெண்டு பிள்ளைங்க சைவம். முட்டை சாப்பிட மாட்டோம், எங்க நோட்டுல போடாதீங்கங்கிறாங்க. என்ன செய்ய?"

பொன்னுரங்கம் பேனாவைக் கீழே வைத்தார். விதி என்ன என்று யோசித்தார். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு மதியத்தில் வாழைப்பழம் கொடுப்பது வழக்கம். அவர் நோட்டை வாங்கி, கணக்குப் பாடத்துக்கு எதிரே, மதிப்பெண் போடுகிற இடத்தில், சிவப்பு மசியால் அழகாக ஒரு வாழைப்பழம் வரைந்தார்.

மாசிலாமணி அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், தோலை உரிச்சு வரைஞ்சிருக்கலாமே. சின்னப் பிள்ளைங்க."