சந்திரகாசன் அழித்த வழக்குகள்

மலைகளுக்கு அந்தப்புறம் ஒரு நாடு. அங்கே ஒருவர் ஒரு தடவை சிறைக்குப் போய்விட்டால் போதும், செய்த குற்றம் ஆயுசுக்கும் அரசாங்கப் பதிவில் இருக்கும். வேலை கேட்டாலும், வீடு கேட்டாலும், பெண் கேட்டாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். தண்டனை முடிந்து ஒழுங்காக வாழ்கிறவர்கள் அதை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் வக்கீல் வைக்க அவர்களுக்கு வழி ஏது?

அவர்களுக்காகக் கூலி வாங்காமல் வாதாடும் வக்கீல்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் குரு அஞ்சுகம் அம்மாள். முதன்முதலாக அவரிடம் வந்து சேர்ந்த சீடர் சந்திரகாசன். குருவைவிட வயதில் மூத்தவர்.

பழைய சட்டம் பொல்லாதது. ஒரு பதிவை அழிக்க ஊரெல்லாம் சாட்சி தேட வேண்டும், வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். சந்திரகாசன் செருப்புத் தேய நடந்தார். பிறகு சட்டம் மாறியது. கூலி வாங்காத வக்கீல் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு அழிந்துவிடும். அப்புறம் அந்தக் குற்றத்தை யாரும் கிளறக் கூடாது.

சட்டம் மாறிய பிறகு வந்தவள் கோமளா. வந்த சூட்டோடு ஒரு தெருவிலிருந்த பதிவுகளையெல்லாம் அழித்து முடித்துவிட்டாள். விடிந்தால் அவள் வீட்டு வாசலில் ஒரு பலாப்பழம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கட்டு முருங்கைக்காய். யார் வைத்தது என்று தெரியாது. சந்திரகாசன் வீட்டு வாசலில் கோலம் மட்டும்தான்.

அவருக்கு வயிறு எரிந்தது. தாம் விடுவித்தவர்கள் எதிரே வந்தால், "என்னப்பா, இப்ப ஒழுங்கா இருக்கியா? மறுபடி எங்கேயும் கை வைக்கலையே?" என்று வாய் நிறைய விசாரிக்கிறவர் அவர். அப்படியும் அவரைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துகொண்டார்கள். நன்றி கெட்ட ஜனங்கள்!

இந்த லட்சணத்தில், அதிகம் பேரை விடுவித்த வக்கீலுக்கு அரசர் பொன்னாடை போர்த்தப் போகிறார் என்று செய்தி வேறு வந்தது.

சந்திரகாசன் நேரே சமையல்காரர் சிவனாண்டியிடம் போனார். சிவனாண்டி இளவயதில் ஒரு கல்யாண வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்து, சிறைக்குப் போனவர். அந்தப் பதிவை அழிக்கச் சந்திரகாசன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சபையில வந்து ஒரு வார்த்தை சொல்லு சிவனாண்டி. இந்த மனுஷன் இல்லாட்டி நான் இல்லேன்னு."

"ஐயா, என் மருமகனுக்கு அந்த விஷயம் தெரியாதுங்க. தெரிஞ்சா மறுநாளே என் பொண்ணைக் கொண்டாந்து விட்டுருவாரு."

"அப்ப நான் நடந்த நடை?"

சிவனாண்டி விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

பௌர்ணமியன்று குருவின் வீட்டில் அன்னதானம். பந்திக்கு முன்னாலேயே சந்திரகாசன் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். என் கையால எத்தனை பேர் குற்றம் அழிஞ்சிருக்கு? அந்தக் கோமளா கையால எத்தனை?"

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே! ஞாபகமில்லைங்கறா. நேத்து சந்தையில ஒருத்தன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். யாரும்மான்னா, 'தெரியலையே அண்ணா'ங்கறா. போன மாசம்தான் அவனுக்குக் கையெழுத்துப் போட்டா. முகம்கூட நினைவில்லாதவளுக்குப் பொன்னாடையா?"

"உங்களுக்கு நினைவிருக்கா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க. ஒவ்வொருத்தன் பேரும் சொல்வேன், செஞ்ச குற்றமும் சொல்வேன்."

அம்மாள் சிரித்தார். "முதல்ல சாப்பிடுங்க. எண்ணிப் பார்த்துச் சொல்றேன்."

சந்திரகாசன் பந்தியில் உட்கார்ந்தார். அம்மாள் நெய்க் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் நின்றார். எதிர் வரிசையில் கோமளா. சாம்பார் வாளியோடு வந்தவர் சிவனாண்டி. பின்னாலேயே பொரியல் தட்டோடு அவர் மருமகன் பொன்னுரங்கம். சந்திரகாசனைக் கண்டதும் சிவனாண்டியின் கரண்டி வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன மாமா, ஐயா இலையைப் பாருங்க" என்ற பொன்னுரங்கம், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயாவுக்கு எங்க மாமாவை முன்னமே தெரியுமோ?"

எல்லாம் சந்திரகாசனின் நாக்கு நுனியில் இருந்தது. நடந்த நடை, நின்ற வாசல், வெள்ளிக் குத்துவிளக்கு. எதிர் இலையில் கோமளா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், பந்தியே திரும்பிப் பார்க்கும்.

சிவனாண்டி அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"தெரியாதே தம்பி" என்றார் சந்திரகாசன். "இன்னிக்குத்தான் பாக்கறேன். வாசனை ஆளை இழுக்குதே... ஊத்துங்க ஐயா."

சிவனாண்டி ஊற்றினார். இலையைத் தாண்டி வழிந்தது.

கொல்லையில் அம்மாள் செம்பால் தண்ணீர் ஊற்ற, சந்திரகாசன் வெகுநேரம் கை கழுவினார்.

"எண்ணியாச்சாம்மா?"

"ஆச்சு."

"எத்தனை?"

"ஒண்ணு" என்றார் அம்மாள். "இன்னிக்குத்தான் அழிஞ்சுது."